பிழைக்க வந்தவர்களின் தட்டு

(பெங்களூர் மர்பி டவுனில் பொதுமக்களிடையே நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ஊரிலேயே தங்கி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். தம்பி பெங்களூருக்கு வந்தார், எச்.எம்.டி. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் காட்சி முடித்து, இங்கேயே குடித்தனக்காரர் ஆகிவிட்டார். பல வருஷம் கழித்து இருவரையும் எடை பார்த்து, இடுப்பை அளந்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துச் சோதித்தால் என்ன தெரியவரும்?

இப்படி ஒரு சோதனை உண்மையாகவே நடந்திருக்கிறது. இந்திய இடப்பெயர்வு ஆய்வு என்று அதற்குப் பெயர். லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நான்கு ஊர்களின் தொழிற்சாலைகளில், கிராமத்திலிருந்து வந்து வேலை பார்த்தவர்களையும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியையும் தேர்ந்தெடுத்தார்கள். ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறப்புகளைத் தேடிப் பிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் 6,510 பேர். பெங்களூரில் இது நடந்த இடம் எச்.எம்.டி.

2010இல் முடிவு வெளியானது. ஊரில் தங்கிய ஆண்களில் 100க்கு 19 பேருக்கு உடல் பருமன். நகரத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய 38 பேருக்கு. நகரத்திலேயே பிறந்தவர்களில் 42 பேருக்கு. சுகரை எடுத்துக்கொண்டால் ஊரில் இருந்தவர்களில் 6 சதவீதம், வந்தவர்களில் 14 சதவீதம், நகரத்துக்காரர்களில் 13.5 சதவீதம். பெண்களிடமும் இதே போக்குதான். வந்தவர்கள் எடையில் நகரத்துக்காரரை நெருங்கிவிட்டார்கள், சுகரில் சமமாகவே வந்து நின்றுவிட்டார்கள். அதே ஆய்விலிருந்து தெரியவந்த இன்னொரு செய்தி கவலை தருவது: உடம்பில் கொழுப்பு ஏறுவது நகரத்துக்கு வந்த முதல் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே வேகமாக நடந்துவிடுகிறது. ரத்த அழுத்தமும் இன்சுலின் கோளாறும் அதன்பின் வருஷக்கணக்கில் மெதுவாகத் தொடர்கின்றன.

"சுகர் எங்க குடும்ப வழி" என்று சொல்லிக் கையை விரிக்காத வீடு இந்தத் தெருக்களில் குறைவு. குடும்ப வழி என்பது பொய்யில்லை. ஆனால் இந்த ஆய்வில் இருவருக்கும் குடும்பம் ஒன்று, பெற்றோர் ஒன்று. மாறியது ஊரும், தட்டும், வேலையும்தான். அதனால்தான் பிழைக்க வந்த குடும்பங்களைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போன நம்மவர்களைப் பற்றி ஏராளமான ஆராய்ச்சி இருக்கிறது. லண்டனின் மேற்கே சவுத்ஹால் என்ற பகுதியில் பஞ்சாபிகளும் மற்ற இந்தியர்களும் நெருக்கமாக வாழ்கிறார்கள். 1991இல் மெக்கீக், ஷா, மார்மட் ஆகியோர் அங்கு செய்த ஆய்வை வெளியிட்டார்கள். 40 வயதிலிருந்து 69 வயது வரை உள்ளவர்களில் தெற்காசியர்களுக்கு நீரிழிவு 19 சதவீதம். பக்கத்து வீட்டு ஐரோப்பியர்களுக்கு 4 சதவீதம். அந்தக் கடுங்குளிரிலும் அதே பரோட்டா, அதே நெய், ஆனால் வயல் வேலை இல்லை. சிங்கப்பூரில் 2017 தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றியும் விரிவாகப் பேசினார். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு சுகர் என்று அவர் சொன்னார். சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதித் தெற்காசியர்களை 2010 முதல் தொடர்ந்து கவனித்துவரும் மசாலா என்ற ஆய்வும் நடக்கிறது.

ஆனால் இடம்பெயர விமானம் ஏற வேண்டியதில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினாலும் அது இடப்பெயர்வுதான்.

மர்பி டவுன் அப்படி ரயிலிலும், அதற்கு முன்பு மாட்டு வண்டியிலும், கால்நடையாகவும் வந்தவர்களின் ஊர். 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கன்டோன்மென்ட் என்ற படை முகாம் அமைத்தபோது சென்னை ராணுவத்தோடு தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், வண்ணார், கொத்தனார், சித்தாள். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அந்த உறவின் மிச்சம். வடாற்காடு, செங்கல்பட்டு, சேலம் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. நாக்ஸ்பேட்டை என்று முன்பு வழங்கிய இந்தக் குடியிருப்பு, கன்டோன்மென்ட் நிர்வாகத்தில் பொறியாளராக இருந்த மர்பியின் பெயரைப் பிற்பாடு பெற்றது. 1947இல் கன்டோன்மென்ட் மைசூர் அரசின் கைக்குத் திரும்பியது. ஆனால் இந்தத் தெருக்களின் பேச்சு தமிழாகவே இருந்துவிட்டது.

அந்த வரவில் பசிக்குப் பெரிய பங்கு உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தமிழகமும் மைசூரும் சேர்ந்தே வாடின. 1877இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், வெயிலில் கல் உடைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்தத் தானியமும் போதாது, பருப்பும் காய்கறியும் சேர்ந்தால்தான் மனிதன் நிற்பான் என்பது அவர் வாதம். ஏழையின் தட்டில் தானியம் மட்டும் இருந்தால் போதுமா என்ற அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. இந்தச் சொற்பொழிவின் மையமும் அதுதான்.

வந்தவர்கள் ஊரில் என்ன சாப்பிட்டார்கள்? கேழ்வரகுதான். காலையில் கூழ், ராத்திரியில் களி. களி கிண்டுவது எளிய வேலை இல்லை. நொய்யைக் கொதிக்கவிட்டு, வெந்ததும் கேவுரு மாவை அதன்மேல் குவித்து, நடுவில் துடுப்புக் காம்பால் ஒரு குழி பண்ணி மூடி வைப்பார்கள். ஆவி வந்ததும் பானையை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, கட்டி தட்டாமல் சுழற்றிச் சுழற்றிக் கிண்டுவார்கள். ஆயாக்களின் தோள்பட்டை அப்படித்தான் உரம் ஏறியது. கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தால், கூடவே கீரைக் கடைசலோ, கொள்ளுக் குழம்போ, கருவாட்டுக் குழம்போ வரும். அரிசிச் சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு. பிறகு விருந்தாளி வந்தால். அவ்வளவுதான்.

நெல்லுச் சோறு யார் வீட்டில் தினமும் வேகிறது என்பது ஊரில் அந்தஸ்தைச் சொல்லும் அளவுகோல். மேல்தெருவில் வேகும், சேரியில் வேகாது. ஆகவே பெங்களூருக்கு வந்து மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் தலைமுறை செய்த முதல் காரியங்களில் ஒன்று, பானையில் தினமும் அரிசி போட்டது. அது வெறும் ருசிக்காகச் செய்தது இல்லை. இனிமேல் நாங்கள் யாருக்கும் தாழ்ந்தவர்கள் இல்லை என்று அடுப்பங்கரையில் நின்று செய்த அறிவிப்பு அது. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அவ்வளவு பெரிய அலையை எழுப்பியதற்கு இந்த ஏக்கமும் ஒரு காரணம். பசுமைப் புரட்சி அரிசியை மலிவாக்கியது. ரேஷன் கடை அதை வீட்டுக்கே கொண்டுவந்தது. கர்நாடகத்தில் 2013இல் தொடங்கிய அன்னபாக்ய திட்டம் ஏழைக் குடும்பங்களின் பசியை உண்மையாகவே ஆற்றியது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் மூன்று தலைமுறை தாண்டிவிட்டது. சோறு வெற்றியின் அடையாளமாகவே தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் செரித்த உழைப்பு போய்விட்டது. கல் உடைத்தவரின் பேரன் ஆட்டோ ஓட்டுகிறார். சித்தாளின் பேத்தி இந்திரா நகர் கடையில் பில் போடுகிறாள். செக்யூரிட்டி வேலையில் இருக்கிறவர் பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தட்டில் மட்டும் தாத்தா சாப்பிட்ட அளவு. சோற்றுக்குச் சாம்பார், சோற்றுக்கு ரசம், சோற்றுக்கு மோர் என மூன்று தடவை குவியல். தொட்டுக்கொள்ள ஒரு கரண்டிப் பொரியல். நடுவில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சாயங்காலம் பேக்கரியில் ஒரு காரா பன்னோ தில்பசந்தோ. பிள்ளைகளுக்குத் தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன். அதில் சிவப்புச் சாயம் கலக்கக் கூடாது என்று 2024இல் கர்நாடக அரசு தடையே போட வேண்டி வந்தது.

இந்தியா முழுக்கவே இதுதான் நிலை. சென்னை டாக்டர் மோகன் குழுவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி 10 கோடியே 10 லட்சம் இந்தியர்களுக்கு நீரிழிவு. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம். நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வு பின்னால் கண்டது.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கெல்லாம் வராது" என்பவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு லண்டன்காரருக்கு 9 சதவீதம், புனேக்காரருக்கு 21 சதவீதம். நம் உடம்பின் இயல்பு அது: கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள்ளே கல்லீரலைச் சுற்றிப் படியும்.

இது பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தை சராசரியாக 2.7 கிலோ இருந்தது, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தை 3.5 கிலோ. எடை, தசை எல்லாம் குறைந்த அந்த இந்தியக் குழந்தையிடம் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிரசவப் பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்து, அங்கே பிறந்தவர்களை நடுத்தர வயதில் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய், 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம்தான். 1996இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது இதுதான்: தாய் அரைவயிறாக இருந்தால் பிள்ளை ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது.

கருவில் பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு, வளர்ந்தபின் மலிவான அரிசியும் சர்க்கரையும் உட்காரும் வேலையும் ஒன்றாகக் கிடைக்கும் நகரத்துக்கு வந்து சேர்கிறது. மர்பி டவுனின் சுகருக்கு அடியில் இருப்பது சோம்பேறித்தனம் இல்லை. பல தலைமுறைப் பசி.

இதைப் புரிந்துகொள்ளாமல் கொடுக்கப்படும் அறிவுரை இங்கே எடுபடாது. டாக்டர் "சோற்றை விடு, சப்பாத்தி சாப்பிடு" என்கிறார். அந்த மனிதர் ஒரு வாரம் சப்பாத்தி தின்கிறார், ஆறு சப்பாத்தி. அதுவும் மாவுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் பழையபடி சோறு. வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல் முடியாது. மனைவி வேலைக்குப் போகிறவர். ஒரே அடுப்பு, ஒரே குக்கர். இன்னொன்று, வந்தவருக்கு அள்ளி அள்ளிப் போடுவதுதான் நம் மரியாதை. "போதும்" என்று இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி விழும். சாப்பிடுகிறவர் ஒருவரை மட்டும் பிடித்து மாற்ற நினைத்தால் நடக்காது. பானையையும், பரிமாறும் கையையும், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துத்தான் மாற்ற முடியும். அதுவும் சோற்றை இழிவாகப் பேசாமல். பாடுபட்டு வாங்கிய கௌரவத்தை யாரும் பத்தியச் சீட்டுக்காக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்; விட்டுக்கொடுக்கச் சொல்வதும் நியாயம் இல்லை.

செய்யக்கூடியது வேறு. சோறு தட்டில் இருக்கட்டும், கால்பாகமாக இருக்கட்டும். இன்னொரு கால்பாகம் பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி ஏதாவது ஒன்று. மீதிப் பாதி காயும் கீரையும். முதலில் காயும் குழம்பிலுள்ள பருப்பும், அதன்பிறகு சோறு என்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குத் தனிப் பாத்திரம் வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். சுகர் உள்ள அப்பாவும் படிக்கிற பிள்ளையும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடலாம்.

ராகி, அதாவது நம் கேழ்வரகு? பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. நாட்டிலேயே மிக அதிகமாக ராகி விளையும் மாநிலம் கர்நாடகம். மாண்டியாவில் டாக்டர் லட்சுமணையா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்து உருவாக்கிய இன்டாஃப் ரகங்கள்தான் இந்த மாநிலத்தின் ராகி விளைச்சலைத் தூக்கி நிறுத்தியவை. கன்னடக்காரர் அதைப் பெருமையோடு முத்தே என்று விருந்தில் வைக்கிறார். நம்மவர் களியை ஏழ்மையின் நினைவாக ஒதுக்கிவிட்டார். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் பத்துக்கும் குறைவு. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கையும் தேவை: ராகியும் மாவுச்சத்துதான், நூற்றுக்கு 67 பங்கு. மாவைச் சலித்துக் கஞ்சியாகக் காய்ச்சி வெல்லம் போட்டுக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சலிக்காத மாவில் ஒரு சிறு உருண்டை, நிறையக் கீரையும் பருப்பும் உள்ள சாறோடு என்றால் அது பயன்.

புரதம் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டின் பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் அதைத் தராது. இந்தப் பகுதியில் மலிவான புரதமாகப் பல வீடுகளுக்கு இருந்தது மாட்டுக்கறி. 2020இல் இயற்றப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டம், 13 வயதுக்கு மேற்பட்ட எருமை தவிர மாட்டினம் முழுவதையும் அறுக்கத் தடை போட்டது. அதன் நியாய அநியாயத்தை வேறு மேடையில் பேசலாம். தட்டில் ஏற்பட்ட வெற்றிடத்தை இந்த மேடையில் பேசித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் முட்டையும் பயறும் வந்தால் நல்லது. பல வீடுகளில் வந்தது இன்னும் கொஞ்சம் சோறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆறு நாளும் முட்டை தருவதென்று 2024இல் கர்நாடக அரசு அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் துணையோடு தொடங்கியது உண்மையில் பெரிய காரியம். முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உண்டு. ஆனால் முட்டைக்கு வாழைப்பழம் ஈடாகாது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி உடற்பயிற்சி. அல்சூர் பக்கத்துக் கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு கால்பந்து வீரர் பெலேவுக்கும் சிலை இருக்கிறது. உலகில் எத்தனை குடியிருப்புகள் ஒரு விளையாட்டுக்காரரை இந்த வரிசையில் வைத்திருக்கும்! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். கன்டோன்மென்டின் ஏழைத் தெருக்களில் பந்து உதைப்பது பிறவிச் சொத்து போல வந்தது. ஜிம் வருவதற்கு முன்பே இங்கே உடற்பயிற்சி இருந்தது. அது பணம் கேட்கவில்லை, ஒரு காலி மைதானம் மட்டும் கேட்டது.

இருபத்தைந்து வயதில் பந்து நின்றுவிடுகிறது. கல்யாணம், வேலை, பைக். அதன்பிறகு நடப்பது தெருமுனைக் கடை வரைக்கும்தான். பெண் பிள்ளைகளுக்குப் பதினைந்திலேயே நின்றுவிடுகிறது. வயசுக்கு வந்த பெண் தெருவில் ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தலைமுறைப் பெண்கள் உட்கார வைக்கப்படுகிறார்கள். பிறகு அவர்களே ஐம்பது வயதில் முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருகிறார்கள். "வீட்டு வேலை செய்யறாளே, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. நின்ற இடத்தில் நாள் முழுக்க அலுத்துப்போவது வேறு. மூச்சு வாங்க நடப்பது வேறு. எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடுகிற அம்மாவின் தட்டில் பெரும்பாலும் கறித்துண்டோ முட்டையோ இருக்காது. சோறும் குழம்பின் அடியும் இருக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையும் தொப்பையும் ஒரே உடம்பில் இருப்பது முரண்பாடாகத் தோன்றலாம். சோறு மிகுந்து மற்றதெல்லாம் குறைந்த தட்டில் அது நடக்கிறது. அந்தத் தாயின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறையின் இதய நோயும் தொடங்கலாம் என்பதை மைசூர்ப் பதிவேடுகள் சொல்லிவிட்டன.

நம்பிக்கை தரும் செய்தி சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு உணவு மாற்றமும் தினம் அரைமணி நேர நடையும். ஒரு குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை. மற்றொரு குழுவுக்கு இரண்டும் சேர்த்து. 2006இல் முடிவு வந்தது: மூன்று வருஷத்தில் நடையும் உணவும் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இறங்கவில்லையே என்று மூன்றாம் வாரம் நடையை விட்டுவிடுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது.

நடக்க இடம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நடைபாதையில் பைக் ஏறுகிறது, விளக்கு எரிவதில்லை, நாய்க்கூட்டம். இதை மாநகராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டியது தெருக்காரர்களின் உரிமை. சாக்கடைக்கும் தண்ணீருக்கும் மனு கொடுப்பது போல நடைபாதைக்கும் விளக்குக்கும் மனு கொடுக்கலாம். அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாயங்காலம் ஏரிப்பக்கம் போய்வரலாம். நாலு பேராகப் போனால் நாலு பேர் பார்ப்பதைப் பற்றிய கவலை குறையும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் குடும்பத்தோடு தெருவில் உலாத்துவதும் கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மகன் ஆடும்போது அப்பா வெளியே நின்று கத்துவதற்குப் பதிலாக உள்ளே இறங்கலாம்.

கடைசியாக, இந்த வாரம் செய்ய வேண்டிய ஒரு காரியம். வீட்டில் தையல் டேப் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றளவு எடுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் சோதனை செய்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் சுகர் இருப்பதாகவே பொருள். 100க்கு மேல் என்றால் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது. 30 வயது கடந்தவர்களுக்குச் சுகரும் பிரஷரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 'நம்ம கிளினிக்' என்ற அரசு மருத்துவ நிலையத்திலும் காசில்லாமல் பார்க்கிறார்கள். குடும்பத்தோடு போங்கள். வரிசையில் முதலில் வீட்டுப் பெண்களை நிற்க வையுங்கள்.